ஒரு கோப்பைக் காற்று

பம்ப்பக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கணவர் முந்திக்கொள்வார்.

"காலையில எட்டு மணிக்குப் போவா. சாயங்காலம் வரைக்கும் மாங்கு மாங்குன்னு உழைப்பா. கடைசியில உள்ள எட்டிப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. அதுக்குத்தான் சம்பளம்."

கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நகைச்சுவையை முப்பது வருடம் ஒரே தடத்தில் ஓட்டுவதில் அவருக்குச் சலிப்பு கிடையாது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். அதில் மறுக்க ஒன்றுமில்லை. அவர் செய்வது அதுதான்.

அவர் வேலை செய்யும் சோதனைக்கூடத்தில் எஃகால் ஆன ஒரு பெரிய டிரம் படுத்துக் கிடக்கிறது. ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம். லாரிச் சக்கரம் அளவுக்கு வட்டக் கதவு, கதவில் கையகலத்துக்குத் தடித்த கண்ணாடி. விண்வெளிக்குப் போகப்போகிற பெட்டி, கேமரா, கீல், ஒயர் எதுவானாலும் முதலில் இந்த டிரம்முக்குள் வந்தாக வேண்டும். கதவைச் சாத்தி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றி, ஒரு பக்கம் சுட வைத்து, பிறகு குளிரவைத்து, மேலே என்ன பாடு படுமோ அதை இங்கேயே படுத்திப் பார்ப்பார்கள். பிழைத்தால் ராக்கெட் ஏறும். டிரம்மின் பின்னால் இரண்டு பம்புகள். ஒன்று தடதடவென்று கத்தும். இன்னொன்று வினாடிக்கு அறுநூறு சுற்று சுற்றிக்கொண்டு மெல்லிய குரலில் முனகும். அந்த இரண்டையும் கட்டி மேய்ப்பதால் அவருக்கு பம்ப்பக்கா என்று பெயர்.

அக்கா இந்த வேலைக்குப் படித்துவிட்டு வரவில்லை. இருபத்து நான்கு வயதில் டிரம் துடைக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தார். நூல் பிரியாத துணி, ஒரு சீசா ஆல்கஹால், உள்ளே போய் வளைந்து வளைந்து துடைக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது வாரம், அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் புதுக் கண்ணாடிக் குடுவையைச் சோதித்துப் பார்ப்பதற்காக, அரைக் கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து பம்பைப் போட்டார். அக்கா துணியும் கையுமாக நின்று பார்த்தார். அடுப்பில்லை, நெருப்பில்லை, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கொதிக்கக் கொதிக்க, மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்தது. கடைசியில் கொதித்த கோலத்திலேயே உறைந்துபோனது. காற்றைத் திறந்துவிட்டு இன்ஜினியர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அக்கா விரலை விட்டுப் பார்த்தார். பனிக்கட்டி.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

தண்ணீரை அதன் இடத்தில் அமுக்கி வைத்திருப்பது காற்றின் எடைதான், அந்த எடை போனால் தண்ணீர் சும்மாவே கொதித்து ஆவியாகும், ஆவியாகும்போது மிச்சத் தண்ணீரின் சூட்டையும் கொண்டுபோய்விடும் என்பதை அவர் கையேட்டிலிருந்து அகராதி வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் படித்துத் தெரிந்துகொண்டார். மற்றதெல்லாம் நோட்டிலிருந்து. கால் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதிவைப்பார். மழை நாளில் டிரம் காலியாக நாற்பது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். கதவு திறந்திருக்கும்போது எஃகுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் ஒட்டிக்கொள்கிறது. முதலில் மேனேஜர் நம்பவில்லை. அக்கா மூன்று மழைக்காலத்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அடுத்த மாதம் துடைக்கும் துணியை வேறு கைக்குக் கொடுத்துவிட்டு, பம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியை இன்று வரைக்கும் யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை மேனேஜர் தன் போனை டிரம்முக்குள்ளேயே வைத்துவிட்டார். காலி டிரம்மை ஓட்டிப் பார்க்கும் நாள் அது. பதினொரு மணிக்கு அலாரம் அடிக்கும் நேரம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போன் மினுக்கு மினுக்கென்று மின்னுகிறது, குதிக்காத குறையாக நடுங்குகிறது. சத்தம் மட்டும் இல்லை. சத்தத்தைச் சுமந்து வரக் காற்று வேண்டுமே.

"அக்கா, கொஞ்சம் திறந்து எடுத்துக் குடுங்களேன்."

"நாளைக்கு வாங்கிக்குங்க சார். இன்னைக்கு அது விண்வெளியில இருக்கு."

இப்படிப்பட்ட அக்காவுக்கு வாய்த்த மருமகள், விண்வெளிக்குப் பெட்டி செய்கிறவள்.

மகன் மருத்துவமனையில் நர்ஸ். அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண், ஏழு பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஜினியர். சூரியனிலிருந்து ஓயாமல் சீறி வரும் துகள்களை எண்ணும் பெட்டி ஒன்றை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். செருப்பு வாங்கும்போது கொடுப்பார்களே, அந்த அட்டைப்பெட்டி அளவுதான். ராக்கெட்டில் ஒரு மூலையில் இடம் கிடைத்திருந்தது. அதற்கு முன் டிரம் சோதனை. ஊரில் டிரம் இருப்பது ஒரே இடத்தில்.

சோதனைக்கு முந்தின நாள் வீட்டில் ஒப்பந்தம் ஆனது. சோதனைக்கூடத்து வாசலைத் தாண்டிவிட்டால் அத்தை கிடையாது, மருமகள் கிடையாது. அவள் வாடிக்கையாளர், இவர் ஆபரேட்டர். ஒருவரையொருவர் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை பெட்டியை டிரம்முக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மேடமும் ஒரே டிபன் டப்பாவுல சாப்பிடுறீங்க. இது எந்த ஊரு ஒப்பந்தம்?"

"சாப்பாடு வீட்டுக் கணக்கு சார். டிரம் ஆபீஸ் கணக்கு," என்றார் அக்கா.

சோதனைத் தாளில் போட்டிருந்தது இதுதான்: உள்ளே மிஞ்சும் காற்று, வெளிக்காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே வர வேண்டும். கூடத்துப் பேச்சில் அதற்கு 'ஒன்று' என்று பெயர். ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் சூடும் குளிரும் ஆரம்பிக்கலாம். அதற்கு நான்கு நாள் ஆகும். அடுத்த திங்கள் காலை பெட்டியை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். ஆகவே புதன் சாயங்காலத்துக்குள் மீட்டர் ஒன்றைத் தொட்டாக வேண்டும். தவறினால் ராக்கெட்டில் அந்த மூலை, வரிசையில் காத்திருக்கும் வேறொரு பெட்டிக்குப் போய்விடும். இவளுக்கு அடுத்த இடம் ஒன்றரை வருடம் கழித்து. ஏழு பேர் கம்பெனி ஒன்றரை வருடம் தாங்குமா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலி டிரம் மூன்று மணி நேரத்தில் ஒன்றுக்கு வந்துவிடும். திங்கள் மதியம் மீட்டர் ஆறில் வந்து நின்றது. சாயங்காலம் மீட்டர் காட்டியது ஐந்தே முக்கால். சுவரில் ஈரம் இருக்கும் என்று இரவெல்லாம் டிரம்மைச் சுட வைத்தார்கள். செவ்வாய் காலை மீட்டரில் ஐந்தரை.

"மேடம், கதவு ரப்பர்ல கசிவு இருக்குமோ?" என்றாள் மருமகள், மிகவும் மரியாதையாக.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த ரப்பர் வளையத்தை அவரே துடைத்து, அவரே விரலால் தடவிப் பார்த்து வைத்தது. "இருக்கலாம் மேடம். தேடிப் பாத்துடலாம்," என்றார் அதைவிட மரியாதையாக.

கசிவைத் தேட ஹீலியம் வேண்டும், பலூனில் அடைப்பார்களே அந்த வாயுதான். மெல்லிய குழாயால் வெளியே ஒவ்வொரு மூட்டிலும் ஊதிக்கொண்டே போக வேண்டும். எங்காவது முடியளவு ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே நுழைந்துவிடும், பம்போடு இணைத்திருக்கும் கருவி கீச்சென்று கத்தும். அக்கா கதவிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடி, ஒயர் நுழையும் இடம், பம்பின் கழுத்து, ஐம்பத்து மூன்று மூட்டுகள். மருமகள் கூடவே நின்று எண்ணினாள். கருவி வாயே திறக்கவில்லை.

"டிரம்முல ஒண்ணுமில்ல மேடம். உங்க பெட்டிதான் ஏதோ மூச்சு விடுது."

"பெட்டியில போட்ட ஒவ்வொரு சாமானையும் ரெண்டு நாள் சுட வச்சு, எடை போட்டுப் பாத்துத்தான் பூட்டினேன் மேடம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒப்பந்தம் காலாவதியானது. யாரும் கோபப்படவில்லை. ஆனால் தட்டில் கரண்டி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"டிரம் வயசானதுதானே அத்தை," என்றாள் மருமகள்.

"வயசான டிரம்தான். ஆனா பொய் சொல்லாது."

மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "எனக்கு ட்யூட்டி இருக்கு."

"உனக்கு இன்னைக்கு லீவுடா," என்றார் அப்பா.

"இருந்தாலும் போறேன்."

கணவருக்கு நிலைமையைக் கொஞ்சம் ஆறவைக்க வேண்டும் போலிருந்தது. "அது சரி, ஒரு சந்தேகம். மேல போறது காலி இடம். இவ்வளவு பெரிய பம்பு வச்சும் உன்னால அத்தனை காலியாக்க முடியலைங்கிற. அப்ப மேல யாரு பம்பு போட்டா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பேச்சென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"நான் ஒன்றுக்கு இறக்கினாலும், ஒரு தேக்கரண்டிக்குள்ள லட்சம் கோடி மூலக்கூறு இருக்கும்ங்க. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல போய் அதே கரண்டியால அள்ளுனா, நாலஞ்சு அணு மாட்டினாலே பெரிசு."

"அப்ப உன் காலி, காலியே இல்ல."

"அந்தக் காலியும் காலி இல்ல மாமா," என்றாள் மருமகள். "நம்ம பூமிக்குப் பக்கத்துல அள்ளுனாலும் கொஞ்சம் மாட்டும், அதுவும் சும்மா இருக்காது. சூரியன்லேருந்து கிளம்பினது வினாடிக்கு நானூறு கிலோமீட்டர் வேகத்துல வருது. அதைத்தான் என் பெட்டி எண்ணப்போகுது."

"நானூறா? வினாடிக்கா?" பஸ் டிரைவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "பிரேக்கு?"

"பிரேக்கு போட அங்க காத்து கூட இல்லைங்க," என்றார் அக்கா. "காத்து இல்லாததாலதான் சூடும் நகராது. வெயில் பட்ட பக்கம் கொதிதண்ணியை விடச் சூடு. அதே சாமானோட முதுகுப் பக்கம் நிழல்ல ஐஸ் பெட்டியை விட அஞ்சாறு மடங்கு குளிர்."

"உங்கம்மாவுக்கு என்மேல இருக்குற அன்பு மாதிரி," என்று அவர் வாசலைப் பார்த்து மகனுக்குச் சொன்னார். மருமகளுக்குப் புரையேறிவிட்டது. அத்தை தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

புதன் காலை ஆறு மணி. அக்கா வீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மீட்டர் இறங்கிய கணக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறு, ஐந்தே முக்கால், ஐந்தரை, ஐந்தேகால். டிரம்மில் ஓட்டை என்றால் மீட்டர் ஓர் இடத்தில் நின்றுவிட வேண்டும், வெளிக்காற்று தீரப்போவதில்லையே. ஈரம் என்றால் சுட்ட இரவிலேயே கடகடவென்று இறங்கியிருக்கும். இது இரண்டும் இல்லை. ஆமை மாதிரி, விடாமல், ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதுகுவலிக்காக பஸ் சீட்டில் போட்டு உட்காரும் காற்றுத் தலையணை ஒன்று அவரிடம் உண்டு. அதை மடித்துப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

"இதைப் பாரேன். நேத்து சாயங்காலமே மூடியைத் திருகித் திறந்து வச்சேன். இன்னும் பாதிக் காத்து உள்ளயே இருக்கு."

அக்கா வாங்கிப் பார்த்தார். மூடி அரைச் சுற்றுக்கூடத் திறந்திருக்கவில்லை. காதருகே வைத்து அமுக்கினார். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு ஸ்ஸ்.

அக்கா அப்படியே எழுந்து நின்றார். "உள்ள இருக்கு. எங்கயோ மூடிக் கெடக்கு!"

"தலையணையிலதானே?"

"பெட்டியில!" என்று கத்தினார். "ஏம்மா, எந்திரி! டிரம் தப்பிச்சிடுச்சு! உன் பெட்டியில எங்கயோ காத்து அடைஞ்சு கெடக்கு!"

மருமகள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தாள். அத்தை நோட்டைக் காட்டினார். அவள் படித்தாள், வாயில் நுரையோடு தலையை ஆட்டினாள். மறுக்க வழியே இல்லை. டிரம் வென்றுவிட்டது. அக்காவுக்குப் பஸ்ஸில் போகும்போதுகூடச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் மட்டும், "எங்க அடைஞ்சிருக்கும்? எங்க?" என்று விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் கையுறை மாட்டிக்கொள்ளும்போது அவளே கண்டுபிடித்தாள். எடையைக் குறைப்பதற்காகப் பெட்டியின் அடிப்பலகையைக் குடைந்து பன்னிரண்டு அறைகளாக்கியிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு தேநீர்க் கோப்பை கொள்ளும். மேலே தகடு ஒட்டி மூடியிருந்தது. அறைக்கு ஒரு ஸ்க்ரூ, அதன் நடுவில் தலையிலிருந்து நுனி வரை ஊசி போகிற மாதிரி துளை. கூடத்தில் அதற்கு ஓட்டை ஸ்க்ரூ என்று பெயர். உள்ளே இருக்கும் காற்று அந்தத் துளை வழியாக உடனே ஓடிவிடும். துளை இல்லாத ஸ்க்ரூ ஒன்று தவறிப்போய் மாட்டியிருந்தால், ஒரு கோப்பைக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு மரையின் இடுக்கு வழியாக நாள்கணக்கில் கசியும். அப்படியே மேலே போயிருந்தால், சுற்றிலும் அமுக்க ஒன்றுமில்லாத இடத்தில், ராக்கெட்டின் உலுக்கலும் வெயில் சூடும் சேர, அறை உப்பி, தகட்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கும்.

டிரம்மைத் திறந்தார்கள். மருமகள் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக் கொடுக்க, அக்கா ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துளை இருந்தால் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம், நட்சத்திரம் மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாவற்றிலும் நட்சத்திரம். ஒன்பதாவதைக் கழற்றும்போது, கொஞ்சம் காற்றைக் கசியவிட்டிருந்த பெட்டி 'ப்ச்' என்று சின்னதாக மூச்சை உள்ளிழுத்தது.

"இதான்!" என்று துள்ளினாள் மருமகள்.

அக்கா வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். இருட்டு. துளை இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஊசியால் கீறிய சின்னப் பெருக்கல் குறி.

அது அவருடைய கீறல். வீட்டில் ஒரு மிட்டாய் டப்பாவில் அவர் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு சாமானிலும் அப்படி ஒரு கீறல் போட்டு வைப்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகள் ஒரு ஓட்டை ஸ்க்ரூ அலமாரிக்கு அடியில் உருண்டு தொலைந்துவிட்டது, புதுசு வர இருபது நாள் ஆகும் என்று புலம்பினாள். "என்கிட்ட இல்லாத ஸ்க்ரூவா?" என்று மிட்டாய் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். ஸ்க்ரூவின் தலையில் முறுக்கும் சாவி நுழையும் பள்ளத்தை மேலாகப் பார்த்துத் துளை என்று நினைத்துவிட்டார். விளக்குக்கு நேரே பிடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பிடித்துப் பார், பிடித்துப் பார் என்று சொல்கிறவர்.

மருமகள் பத்தாவது ஸ்க்ரூவில் சாவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அக்காவின் மேலங்கியில் ஆழமான பை ஒன்று இருந்தது. கடைக்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கை பை வரைக்கும் போகவும் போனது.

"ஏம்மா," என்றார். "இங்க பாரு. இது என் ஸ்க்ரூ."

மருமகள் வாங்கிப் பார்த்தாள். கீறலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"நீயாவது வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?" என்றார், குரல் இறங்கி.

"அத்தை குடுத்ததைப் போய் யாராவது சரிபாப்பாங்களா?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் முகக்கவசத்துக்குள், பிறகு தோள் குலுங்க, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காலையில என்ன ஆட்டம்! டிரம் தப்பிச்சிடுச்சாம்! பஸ்ஸுல எத்தனை சிரிப்பு!" அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தப் பக்கம் வந்த மேனேஜர் அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கதவு கனமானது, சத்தம் கேட்கவில்லை. இரண்டு மேடமும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

மணி ஒன்பதரை. புது ஸ்க்ரூ வர வழியில்லை. அக்கா எழுந்து லேத் இருக்கும் அறைக்குப் போனார். அதே ஸ்க்ரூவைக் கவ்வவைத்து, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த டிரில் பிட்டை மாட்டினார். எஃகு கெட்டி, பிட் மெல்லிசு. கொஞ்சம் அழுத்தினால் முறியும், அழுத்தாவிட்டால் இறங்காது. தொட்டு எடுத்து, தூளைத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி தொட்டு. முதல் பிட் முறிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியால் தட்டித் தட்டி முறிந்த துண்டை வெளியே எடுத்தார். இரண்டாவதும் முறிந்தது. மருமகள் மூச்சுவிடாமல் மூன்றாவதை எடுத்து நீட்டினாள். பதினொன்றரைக்கு அக்கா ஸ்க்ரூவைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார். பிறகு மருமகள் கையில் கொடுத்தார்.

அவள் பிடித்துப் பார்த்தாள். நட்சத்திரம், நடுவிலிருந்து ஒரு நூலளவு தள்ளி. ஆனால் நட்சத்திரம்.

"இப்ப சரிபாத்துட்டேன் அத்தை."

"இனிமே எப்பவும் பாரு."

எண்ணெய் போகக் கழுவி, ஆல்கஹாலில் முக்கி, சுட வைத்து, அவளே பூட்டி முறுக்கினாள். ஒன்றரைக்குக் கதவைச் சாத்தினார்கள். பெரிய பம்ப் தடதடத்தது. சின்ன பம்ப் முனகத் தொடங்கியது. அக்கா நோட்டை விரித்தார். மூன்று மணிக்கு மீட்டரில் நான்கு. நான்கு மணிக்கு இரண்டு. மேனேஜரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தே காலுக்கு மீட்டர் ஒன்றைத் தாண்டிக் கீழே போயிற்று, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு தடவை அறுபது டிகிரி சூடு, நான்கு தடவை மைனஸ் முப்பது குளிர். பெட்டி அசரவில்லை. அதன் எண்கள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன.

திங்கள் காலை வண்டி வந்தது. எடுத்துப்போகிறவர் நீட்டிய தாளில் பெட்டியில் உள்ள ஒவ்வொரு சாமானும், செய்தவர் பெயரும் எழுத வேண்டும். ஒன்பதாவது ஸ்க்ரூவுக்கு நேரே மருமகள் 'பம்ப்பக்கா' என்று எழுதினாள்.

"இது என்ன கம்பெனிங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"பழைய கம்பெனி. நம்பலாம். ஆனா சரிபாத்துத்தான் வாங்கணும்," என்றாள்.

அன்று சாயங்காலம் கணவருக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. தன் தலையணையின் பங்கைக் கேட்டு முதலில் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் புது நகைச்சுவை ஒன்று கிடைத்திருந்தது.

"அப்ப நம்ம வீட்டு மரை ஒண்ணு கழண்டு மேல போகுதுன்னு சொல்லு!"

"கழலாதுங்க," என்றார் அக்கா. "முறுக்கினது என் மருமக."